ஸ்ப்ளெண்டர் டேப்பட் வீட்டுலயே செட் பண்ணலாமா? தினமும் மலை ஏறுற வண்டி

கம்பம்மெட்டு பய:

எல்லாருக்கும் வணக்கம்ணே. நமக்கு கம்பம். வண்டி பழைய ஸ்ப்ளெண்டர், கார்புரேட்டர் மாடல், அப்பா ஓட்டுனது. வேலை வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோர்ல, அதனால தினமும் காலைல கம்பம்மெட்டு ஏத்தம் ஏறி சாயங்காலம் இறங்கணும், பாதி வழி ரெண்டாவது கியர்தான், பின்னாடி ஆள் உக்காந்தா சில வளைவுல ஒண்ணாவதுக்கே போயிரும்.

விசயம் என்னன்னா கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் எஞ்சின் ஹெட் பக்கம் டிக் டிக் டிக்னு ஒரு சத்தம் இருந்துச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன், டேப்பட் லூசா இருக்குன்னு சொல்லி நான் ஓட்டிட்டுப் போன சூட்டோடயே மூடியத் தொறந்து கையால அசைச்சுப் பாத்து டைட் பண்ணி விட்டாரு. சத்தம் சுத்தமா நின்னுருச்சு, எனக்கும் சந்தோசம். ஆனா அதுலருந்து காலைல பச்சத்தண்ணி மாதிரி குளுந்து கிடக்கும்போது ஒரு கிக்குல எடுக்குற வண்டி, மேல செக்போஸ்ட் வரைக்கும் ஏறி நிப்பாட்டுனா மறுபடி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஐடிலிங்கும் நிக்கல, சூடானா தானா ஆஃப் ஆயிருது. இறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டா சைலன்சர்ல பட் பட்னு வெடிக்குது. கார்புரேட்டர் கிளீன் பண்ணியாச்சு, பிளக் புதுசு.

இத நானே வீட்டுல செட் பண்ணிப் பாக்கலாம்னு நெனைக்கிறேன். ஆயில் மாத்துறது, செயின் டைட் பண்றது, பிரேக் ஷூ போடுறது இதெல்லாம் நானே செய்வேன், எஞ்சினுக்குள்ள மட்டும் கை வச்சதில்ல. ஸ்பேனர் செட் இருக்கு. புதுசா ஆரம்பிக்கிறவன் செய்யுற வேலையா இது, இல்ல கெடுத்துருவேனா?

*

செங்கோட்டை ஏத்தம்:

தாராளமா செய்யலாம் தம்பி. ஸ்ப்ளெண்டர்ல டேப்பட் வைக்கிறது எஞ்சின் வேலையிலயே ரொம்ப எளிசு. ஹெட்ட கழட்ட வேண்டாம், ரெண்டு வட்ட மூடி, இடது பக்கம் ரெண்டு மூடி, அவ்வளவுதான்.

ஆனா அதுக்கு முன்னாடி உங்க வண்டிக்கு என்ன ஆயிருக்குன்னு புரிஞ்சுக்கங்க, ஏன்னா நீங்க சொன்ன குறி எல்லாம் சேந்து ஒண்ணத்தான் காட்டுது, டேப்பட் ரொம்ப டைட்டா இருக்கு, அதுவும் எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளிய போற வால்வு பக்கம். வால்வ அமுக்கித் தொறக்குற கைதான் ராக்கர், அது நுனில இருக்கிற ஸ்க்ரூதான் டேப்பட், அந்த நுனிக்கும் வால்வு தண்டுக்கும் நடுவுல துளி இடைவெளி விட்டு வைக்கிறாங்கல்ல, அது எதுக்குன்னா எஞ்சின் சூடானா இரும்பு நீளும், வால்வு நீளும்போது போறதுக்கு எடம் வேணும். எடம் இல்லன்னா ராக்கர் வால்வ லேசா அமுக்கிக்கிட்டே இருக்கும், வால்வு சீட்டுல முழுசா உக்காராது, கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அமுக்குற காத்து, கசியும். குளுந்து கிடக்கும்போது இன்னும் நீளலேல்ல, அதனால காலைல நல்லா ஸ்டார்ட் ஆகுது. மேல ஏறிப் போய் கொதிச்சு நிக்கும்போது ஆக மாட்டேங்குது. சைலன்சர்ல வெடிக்கிறதுக்கு சைலன்சர் ஜாயிண்ட்ல காத்து இழுக்குறது, கார்புரேட்டர்ல பெட்ரோல் கம்மியாகிறதுன்னு வேற காரணமும் இருக்கு, ஆனா சூட்டுல ஸ்டார்ட்டிங் ட்ரபிளும் கூட சேந்து வந்தா நான் மொதல்ல வால்வத்தான் பாப்பேன்.

இத நாள் தள்ளாதீங்க, அழுத்தியே சொல்றேன். எக்ஸாஸ்ட் வால்வு அறுநூறு எழுநூறு டிகிரி சூட்டுல வேலை செய்யுற சாமான். அந்தச் சூடு பெரும்பாலும் எறங்குறது சீட்டு வழியாத்தான், வால்வு மூடி உக்காந்திருக்கிற நேரத்துல ஹெட்டுக்குப் போயிரும். உக்காரவே விடலேன்னா சூடு போக வழி இல்ல, போதாததுக்கு எரிஞ்ச கேஸ் அந்த இடுக்கு வழியா பீச்சி அடிக்கும், வால்வு ஓரம் எரிஞ்சு ஒரு துண்டு போயிரும். அப்பறம் ஹெட் எறக்கி, வால்வு மாத்தி, லேப்பிங் போட்டு, அதாவது வால்வையும் சீட்டையும் தேச்சுப் பொருத்தி... பெரிய செலவு. நீங்க தினமும் லோடோட ஏத்தம் ஏறுறதால அது சீக்கிரமே வரும்.

லூசா இருந்தா சத்தம் வரும், வால்வு கொஞ்சம் கம்மியா தொறக்கும், நாளாவட்டத்துல ராக்கரும் கேமும் தேயும், ஆனா உடனே ஒண்ணும் ஆயிராது. டைட்டா இருந்தா சத்தமே வராது, உள்ள எரிஞ்சுக்கிட்டு இருக்கும். சத்தம் நிக்கிறதுதான் நல்ல டேப்பட்னு நெறையப் பேரு நம்புறாங்க, அது தப்பு.

*

குமுளி ஒர்க்‌ஷாப்:

மேல அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. எப்படிச் செய்யணும்னு நான் சொல்றேன், நான் குமுளில ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், எஸ்டேட் வண்டிதான் நமக்கு ஜாஸ்தி.

வாங்க வேண்டியது ஃபில்லர் கேஜ் ஒண்ணு, கடைல ஃபில்லர் கேஜ்னே கேளுங்க, மெல்லிசு மெல்லிசா தகடு விசிறி மாதிரி இருக்கும். வாங்கும்போது கவனிங்க, கார் லாரிக்கு விக்கிற சில செட்டுல மெல்லிசு தகடு 0.10 இல்லாட்டி 0.15 மில்லிமீட்டர்லதான் ஆரம்பிக்கும், அது நமக்கு ஆகாது, 0.04, 0.05ல இருந்து இருக்கணும். அப்பறம் டேப்பட் கீ, சதுர ஓட்டை போட்ட சின்ன சாவி, ஸ்பேர்ஸ் கடைல கொறஞ்ச வெலைக்குக் கிடைக்கும். லாக் நட்டுல சரியா உக்கார்ற ரிங் ஸ்பேனர், 9ஆ 10ஆன்னு வச்சுப் பாத்துக்கங்க, ஓப்பன் ஸ்பேனர் போட்டு மூலைய மழுக்கிராதீங்க. மூடிக்கு ரெண்டு புது ஓ ரிங் வாங்கி வச்சுக்கங்க. அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும், அதத்தான் எடுக்கணும், அவரு வண்டிக்கு இவ்வளவு வச்சாரு இவரு வண்டிக்கு அவ்வளவு வச்சாருன்னு கேட்டு வைக்காதீங்க.

வேலைய காலைல ஆரம்பிங்க, ராத்திரி பூரா நின்ன வண்டியா இருக்கணும். மேனுவல்ல போட்டிருக்கிற அளவு குளுந்த எஞ்சினுக்கு உண்டானது, சூட்டுல வச்சா கணக்கே மாறிப்போயிரும், உங்களுக்கு நடந்ததும் அதாத்தான் இருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஹெட்டச் சுத்தி மொதல்ல பிரஷ்ஷும் துணியும் வச்சு நல்லாத் தொடைங்க. எஸ்டேட் செம்மண்ணு ஒரு சிட்டிகை உள்ள விழுந்தாலும் அது ஆயிலோட சேந்து சுத்தும். பிளக்கக் கழட்டிருங்க, அப்பத்தான் எஞ்சின் லேசா சுத்தும், நிப்பாட்ட வேண்டிய எடத்துல நிக்கும்.

மேல இருக்கிற வட்ட மூடி இன்லெட், அதாவது காத்தும் பெட்ரோலும் உள்ள வர்ற வால்வுக்கு, கீழ தரையப் பாத்து இருக்கிறது எக்ஸாஸ்ட். கீழ் மூடியத் தொறந்தா கொஞ்சம் ஆயில் சொட்டும், பயப்படாதீங்க, துணி வச்சுக்கங்க. இடது பக்கம் மேக்னட் கவர்ல ரெண்டு மூடி இருக்கும், நடுவுல பெருசு, மேல சின்னது. அகலமான ஸ்க்ரூ டிரைவர்ல தொறக்கலாம், கோடு மழுங்குன மூடின்னா சுத்தியலால லேசா ஒரு தட்டு தட்டிட்டுத் தொறங்க. நடு ஓட்டைல சாக்கெட் போட்டு அந்த நட்டப் புடிச்சு எஞ்சினச் சுத்துங்க, இடது பக்கம் நின்னு பாத்தா கடிகாரத்துக்கு எதிர்த் திசைல. மேல் ஓட்டைல பாத்துக்கிட்டே இருந்தா மேக்னட்ல டி எழுத்தும் ஒரு கோடும் வரும், அந்தக் கோடு கவர்ல இருக்கிற வெட்டுக்கு நேரா நிக்கணும்.

இங்கதான் புதுசா செய்யுறவங்க மாட்டுவாங்க. பிஸ்டன் மேல வர்றது ரெண்டு தடவ, ஒண்ணு கம்ப்ரஷன் முடியும்போது, இன்னொண்ணு எக்ஸாஸ்ட் முடியும்போது. ரெண்டு தடவையும் டி கோடு நேராத்தான் நிக்கும். நமக்கு வேண்டியது கம்ப்ரஷன், அப்பத்தான் ரெண்டு வால்வும் மூடி இருக்கும். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா ரெண்டு ராக்கரையும் விரலால புடிச்சு அசைங்க, ரெண்டுலயும் துளி ஆட்டம் இருந்தா சரியான எடம். டி கோடு நெருங்கும்போது ராக்கர் அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னா அது தப்பான எடம், இன்னும் ஒரு முழுச் சுத்து சுத்தி மறுபடி டி கோட்டுக்குக் கொண்டு வாங்க. உங்க வண்டில எக்ஸாஸ்ட் டைட்டா இருக்கும்னு நெனைக்கிறதால அதுல ஆட்டம் இல்லாமலே போகலாம், அதனால இன்லெட் ராக்கர நம்புங்க. சுத்திக்கிட்டே வரும்போது இன்லெட் வால்வு உள்ள போயி திரும்பி வெளிய வரும், அதுக்கப்பறம் வர்ற மொத டிதான் கம்ப்ரஷன். இது தப்பவே தப்பாது.

இப்ப அளந்து பாருங்க. உடனே நட்ட லூஸ் பண்ணிராதீங்க, மொதல்ல எவ்வளவு இருக்குன்னு அளந்து ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க. அப்பறம் லாக் நட்ட லூஸ் பண்ணி, டேப்பட் கீய கடிகாரத் திசைல திருப்புனா இடைவெளி கொறையும், எதிர்த் திசைன்னா கூடும். தகட நல்லாத் தொடச்சு ஒரு சொட்டு ஆயில் தடவி உள்ள விடுங்க. இழுக்கும்போது லேசா புடிக்கணும், இறுக்கக் கூடாது, தொளதொளன்னும் போகக் கூடாது. அந்தப் புடிமானம் எவ்வளவுன்னு எழுத்துல சொல்ல முடியாது, அதனால இன்னொரு வழி வச்சுக்கங்க. உதாரணத்துக்கு மேனுவல் 0.08னு சொல்லுதுன்னு வைங்க, 0.08 தகடு போகணும், 0.10 போகவே கூடாது. ரெண்டும் போகுதுன்னா லூசு, ரெண்டும் போகலேன்னா டைட்டு. புது ஆளுக்கு இதுதான் நம்பிக்கையான வழி.

லாக் நட்ட டைட் பண்ணும்போது டேப்பட் கீயும் கூடவே திரும்பப் பாக்கும். ஒரு கைல கீய அசையாம புடிச்சு மறு கைல நட்ட டைட் பண்ணுங்க. டைட் பண்ணதுக்கப்பறம் கட்டாயம் மறுபடி அளந்து பாருங்க, பத்துக்கு எட்டு தடவ மாறித்தான் இருக்கும், பொறுமையா மறுபடி வைங்க. சின்ன நட்டு தம்பி அது, பலத்தக் காட்டி முறிச்சிராதீங்க. எல்லாம் முடிச்சு எஞ்சின ரெண்டு முழுச் சுத்து சுத்தி மறுபடி கம்ப்ரஷனுக்குக் கொண்டு வந்து கடைசியா ஒரு தடவ அளந்துட்டுத்தான் மூடியப் போடணும்.

*

கம்பம்மெட்டு பய:

அண்ணே இம்புட்டு வெளக்கமா சொன்னதுக்கு ரொம்ப நன்றிண்ணே. ஃபில்லர் கேஜ் தேனில ஒரு கடைல 0.04லருந்து இருக்கிறது கிடைச்சிருச்சு.

ரெண்டு சந்தேகம். மேல் ஓட்டைல டார்ச் அடிச்சுப் பாத்தேன், டி தவிர எஃப் எழுத்தும் ஒரு கோடும் பக்கத்துலயே இருக்கு, எதுல நிப்பாட்டணும்? அப்பறம் டி கோட்டத் தாண்டிப் போயிட்டா பின்னாடி திருப்பலாமா? நடு நட்டுக்கு என்கிட்ட சாக்கெட் இல்ல, டாப் கியர் போட்டு பின் வீலச் சுத்துனா ஆகாதா?

*

குமுளி ஒர்க்‌ஷாப்:

எஃப் வந்து இக்னிஷனுக்கு, பிளக் நெருப்பு விடுற நேரம். உங்களுக்கு டிதான்.

பின் வீலு தாராளமா ஆகும், பிளக் கழட்டி இருக்கிறதால லேசா வரும், டாப் கியர் போட்டு வண்டி முன்னாடி போற திசைல மட்டும் வீலச் சுத்துங்க. கையால சுத்தும்போது விரல் செயின் பக்கம் போகாமப் பாத்துக்கங்க. தாண்டிப் போனா ஒரு மயிரிழை பின்னாடி தள்ளுறதுல ஒண்ணும் ஆயிராது, ஆனா நான் செய்ய மாட்டேன், டைமிங் செயின் தொய்வு அந்தப் பக்கம் போயி நிக்கும். இன்னும் ரெண்டு சுத்து விட்டு முன்னாடியே வாங்க, அரை நிமிச வேலை.

*

கொழிஞ்சாம்பாறை பல்சர்:

நான் பாலக்காடு பக்கம், பல்சர் 150 வச்சிருக்கேன். அதுக்கு இன்லெட் 0.05, எக்ஸாஸ்ட் 0.10. எக்ஸாஸ்ட்டுக்கு எதுக்கு ரெண்டு மடங்குன்னு யோசிச்சா மேல அண்ணன் சொன்ன சூட்டுக் கணக்கு வெளங்கும், இன்லெட் வால்வு மேல உள்ள வர்ற பெட்ரோலும் காத்தும் பட்டு குளுந்துக்கும், எக்ஸாஸ்ட்டுக்கு அந்த வசதி இல்ல. 0.10ங்கிறது நாம ஜெராக்ஸ் போடுற பேப்பர் கனம். 0.05 அதுல பாதி.

ஒரு விசயம் மட்டும் கேக்கணும். எங்க ஊர்ல ஒரு பெரியவரு வெறும் கைலயே வைப்பாரு, ஃபில்லர் கேஜ் எடுத்து நான் பாத்ததே இல்ல, அவரு வச்ச வண்டி எல்லாம் நல்லாத்தான் ஓடுது. அப்ப கைக்கணக்கு தப்புன்னு சொல்லிற முடியுமா?

*

செங்கோட்டை ஏத்தம்:

தப்புன்னு சொல்ல மாட்டேன், அவரு கை அவ்வளவு எஞ்சினத் தொட்டிருக்கு, அந்த ஆட்டம் எவ்வளவுன்னு விரலுக்கே தெரியும். அவரு மேல மரியாத எனக்கும் இருக்கு. ஆனா அந்தக் கை இந்தத் தம்பிக்கு இல்லேல்ல. 0.05க்கும் 0.10க்கும் உள்ள வித்தியாசத்த புது ஆளு விரல் சொல்லாது, தகடுதான் சொல்லும். அதுவும் சூட்டுல கையால வச்சா எந்தப் பெரியவருக்கும் கணக்குத் தவறும்.

ஃபில்லர் கேஜும் ஏமாத்துற எடம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிர்றேன். ரொம்ப ஓடுன வண்டில டேப்பட் ஸ்க்ரூ நுனி வால்வு தண்டு படுற எடத்துல குழி விழுந்திருக்கும். தகடு அந்தக் குழிக்குள்ள இறங்காம மேல பாலம் போட்ட மாதிரி நிக்கும், அளவு சரியாக் காட்டும், ஆனா நெசத்துல இடைவெளி ஜாஸ்தி, சத்தம் போகவே போகாது. அப்பறம் சத்தத்துக்காக இன்னும் டைட் பண்ணுவாங்க, வம்பு அங்கதான் ஆரம்பிக்குது. டார்ச் அடிச்சு அந்த நுனியப் பாருங்க தம்பி, குழி இருந்தா ஸ்க்ரூவ மாத்துங்க, சின்னச் சாமான்தான்.

*

சித்தூர் ரோடு:

நான் குடியாத்தத்துலருந்து எழுதுறேன், சித்தூர் வரைக்கும் போயிட்டு வர்ற ஆளு. இத வாசிக்கிறவங்க எல்லாரும் ஃபில்லர் கேஜத் தூக்கிட்டு எல்லா வண்டிக்கும் கெளம்பிராதீங்க. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுல புஷ் ராடு, அதாவது ராக்கரத் தள்ளுற நீளக் கம்பி, அதுல தகடே வேண்டாம், எஞ்சின் குளுந்து கிடக்கும்போது புஷ் ராடு விரலால லேசா சுத்தணும், மேல கீழ ஆடக் கூடாது, அதுதான் கணக்கு. 2009ல வந்த கிளாசிக், அந்த யூசிஇ எஞ்சின்ல ஹைட்ராலிக், ஆயில் அழுத்தத்துல இடைவெளி தானா சரியாயிக்கும், அதுல வைக்கிறதுக்கே ஒண்ணும் இல்ல. டியூக் மாதிரி வண்டில ஷிம், அதாவது கனம் பாத்துப் போடுற சின்ன வில்லை, மாத்தணும், மொத மொத செய்யுறவங்களுக்கு அது வேண்டாம். ஸ்ப்ளெண்டர், பல்சர் மாதிரி ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கிற எஞ்சினுக்குத்தான் மேல சொன்னதெல்லாம்.

*

கம்பம்மெட்டு பய:

அண்ணே, ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்தேன். இன்லெட் கொஞ்சம் டைட்டு. எக்ஸாஸ்ட்ல 0.04 தகடு கூட நுழையல, சுத்தமா இடைவெளியே இல்ல. கம்ப்ரஷன நீங்க சொன்ன மாதிரி இன்லெட் வால்வு மூடுனதுக்கப்பறம் வர்ற டி வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். லாக் நட்டு டைட் பண்றப்பல்லாம் அளவு மாறிக்கிட்டே இருந்துச்சு, மறுபடி மறுபடி வச்சு மேனுவல் அளவுக்குக் கொண்டு வந்துட்டேன். ஸ்க்ரூ நுனி சமமாத்தான் இருக்கு, குழி இல்ல.

இன்னைக்கு மேல போயி செக்போஸ்ட்ல வேணும்னே நிப்பாட்டிப் பாத்தேன், ஒரு கிக்குல எடுத்துருச்சு! ஐடிலிங் நிக்குது. இறக்கத்துல வெடிக்கிறது கிட்டத்தட்ட இல்ல. ஆனா காலைல ஸ்டார்ட் பண்ணும்போது லேசா டிக் டிக் கேக்குது, சூடானதும் கொறைஞ்சிருது. இது இருக்கலாமா? அப்பறம் கீழ் மூடில ஆயில் கசியுது, புது ஓ ரிங்தான் போட்டேன்.

*

குமுளி ஒர்க்‌ஷாப்:

நல்ல சேதி தம்பி, ரொம்ப சந்தோசம். குளுந்து இருக்கும்போது லேசான டிக் இருக்கணும், அந்த எஞ்சின் அப்படித்தான் பேசும், அதத் தொடாதீங்க. சூடானப்பறமும் சத்தம் ஏறிக்கிட்டே போனா மொதல்ல ஆயில் லெவலப் பாருங்க. கரகரன்னு இழுக்குற மாதிரி வந்தா அது டேப்பட் இல்ல, டைமிங் செயின்.

கீழ் மூடிக்கு, பழைய ஓ ரிங் காடிக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கும் சில வண்டில, அது மேல புதுச போட்டா கசியத்தான் செய்யும். கழட்டிப் பாத்து காடிய மரக்குச்சி வச்சு சுரண்டுங்க, இரும்பு வேண்டாம். ஓ ரிங்குக்கு ஆயில் தடவிப் போடுங்க. கசியுதேன்னு மூடிய மேல மேல டைட் பண்ணாதீங்க, ஹெட்டு அலுமினியம், மரை போயிருச்சுன்னா அது தனி வேலை.

அளந்து எழுதி வச்ச பேப்பரத் தூக்கிப் போட்றாதீங்க. அடுத்த ஆயில் சேஞ்சப்ப குளுந்த எஞ்சின்ல எக்ஸாஸ்ட மறுபடி அளங்க. அளவு அப்படியே இருந்தா கவலை இல்ல. அதுக்குள்ளயே மறுபடி கொறைஞ்சிருந்தா வால்வு சீட்டுக்குள்ள எறங்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், டேப்பட் வச்சு ஓட்டிக்கிட்டே இருக்கக் கூடாது, ஹெட் வேலை பாத்துரணும். அப்படி வந்தா ஹெட்ட எறக்குறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன்ல நிப்பாட்டி பிளக் ஓட்டை வழியா காத்து அடிச்சுக் கேக்கச் சொல்லுங்க. சைலன்சர்ல உஸ்ஸுன்னு வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர்ல வந்தா இன்லெட், ஆயில் ஊத்துற மூடி வழியா வந்தா பிஸ்டன் ரிங். எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கை வச்சா வேண்டாத செலவு வராது. குமுளிக்கு வந்தா வண்டியக் கொண்டு வாங்க, நானே அடிச்சுக் காட்டுறேன்.